ஜீப்புக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் மாமா பட்டாளத்தில் சேரவில்லை. சேரத்தான் போனார். நெஞ்சளவு ஒரு விரற்கடை குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பட்டாளம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர ஆரம்பித்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். மத்திகிரியைத் தாண்டி, தார் ரோடு முடிந்து செம்மண் ரோடு தொடங்கும் இடத்தில் அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், காயலான் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஓசூருக்கு அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்தது. கம்பெனி வந்தால் கழிவு இரும்பும் கூடவே வரும் என்று அத்தா முதல் ஆளாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனாலும் எங்களுக்குச் சோறு போட்டது பெங்களூர் ஏலம்தான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட சாமான்களை அங்கே ஏலம் விடுவார்கள். அத்தா அதற்கு மாமாவை அனுப்புவார். அந்த ஏலத்தில் ஒரு பொருளை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. குவியல் குவியலாகக் கட்டி வைத்திருப்பார்கள், 'லாட்' என்பார்கள். எடுத்தால் முழுக் குவியலையும் எடுக்க வேண்டும். இரும்பு அத்தாவுக்கு. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததெல்லாம் மாமாவுக்கு.

அப்படி ஒட்டிக்கொண்டு வந்தவை மாமாவின் அறையில் கூரை வரைக்கும் இருந்தன. இரும்புத் தொப்பி ஏழு. கம்பளித் துணி சுற்றிய தண்ணீர்க் குப்பிகள். மடக்கினால் முழ நீளம் ஆகிவிடும் மண்வெட்டி. ஒற்றைக் கண் போன பைனாகுலர். தூசிக்குப் போடும் பெரிய கண்ணாடி ஒன்று, தோல் வாரோடு. விஷப் புகைக்கு மாட்டுகிற முகமூடி ஒன்று. அதை மாட்டிக்கொண்டு ஒருநாள் மாமா சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்க, அம்மா கையிலிருந்த குழம்புக் கரண்டியால் போட்ட போட்டில் மாமாவின் காது இரண்டு நாள் சிவந்திருந்தது. தொப்பிகளில் ஒன்றை மல்லாத்தி வைத்து அம்மா கோழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"அக்கா, இது பர்மா சண்டையில இருந்த தொப்பிக்கா!"

"இருக்கட்டும்டா. கோழிக்கும் தாகம் எடுக்குதில்ல?"

ஒரு லாட்டில் ஜீப் வந்தது. அது ஜீப் என்று மாமாதான் சொன்னார். லாரி பின்னால் கட்டி இழுத்து வந்தபோது எங்களுக்குப் பாடை மாதிரிதான் தெரிந்தது. டயர் கிடையாது, சீட்டு கிடையாது, பானட்டைத் திறந்தால் உள்ளே குருவிக்கூடு. பெரிய உலக யுத்தத்தில் ஓடிய வண்டி என்றார் மாமா. அத்தா தராசு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ளே, எத்தினி கிலோ தேறும்?"

"மச்சான், என்னைய அறுத்து எடை போடுங்க. இத வுட்டுடுங்க."

அத்தா விட்டுவிட்டார். மச்சினன் என்றால் அவருக்கு ஒரு இளக்காரமும் உண்டு, ஒரு இளக்கமும் உண்டு.

எட்டு மாதம் மாமா அந்த வண்டியோடு கிடந்தார். நானும் கிடந்தேன். எனக்குப் பத்து வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் அரை இஞ்ச் ஸ்பேனர் எது, முக்கால் இஞ்ச் எது என்று அதன் மேல் இருக்கும் எண்ணைப் பார்க்காமல், கையில் தூக்கிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பேன். தப்பாக ஒருநாள்கூட கொடுத்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன், யாரிடம் மறைக்க?

இன்ஜின் ஓடியது. சீட்டுக்குப் பட்டாளத்துக் கூடாரத் துணியை மாமாவே தைத்தார். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. அதைச் செய்த வெளிநாட்டில் வண்டிகளே அப்படித்தானாம். எங்கள் தெரு அதை நம்பவில்லை. "பாவம், எட்டு மாசம் உழைச்சி ஸ்டியரிங்க தப்பான பக்கம் மாட்டிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியாகப் பெயிண்ட். மாமா டவுனுக்குப் போய்ப் பச்சைப் பெயிண்ட் இரண்டு டப்பாவும் முகத்துக்குப் பூசும் பவுடர் ஆறு டப்பாவும் வாங்கி வந்தார். பவுடரைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தம்பிக்கு முப்பது வயதாகியும் பெண் அமையவில்லையே என்பது அவளுடைய தீராத விசாரம்.

"யாருடா தம்பி பொண்ணு? சொல்லித் தொலையேன்."

மாமா ஆறு டப்பாவையும் உடைத்துப் பெயிண்ட்டுக்குள் கொட்டிக் குச்சியால் கலக்கினார். மல்லிகைப்பூ வாசனையோடு ஒரு பச்சைக் கூழ் ஆனது. பூசிக் காய்ந்ததும் வண்டி மங்கிப்போய், வெயிலில் வாடிய வாழை இலை போல இருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு பொட்டு மினுமினுப்பு இல்லை. பானட்டில் மாமா கோடு போட்டுக் கொடுக்க, வெள்ளை நட்சத்திரத்துக்குள் நான்தான் நிறம் நிரப்பினேன். அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"வெறும் நட்சத்திரம் எப்பிடிடா? பக்கத்துல ஒரு பிறையும் வெய்யி."

"அக்கா, யுத்தத்துல இப்பிடித்தான் இருந்திச்சி."

"யுத்தத்துல பெயிண்ட்டும் இப்பிடித்தான் செத்துப் போயி இருந்திச்சா?"

"மின்னக் கூடாதுக்கா. மின்னுனா மேல ஏரோப்ளேன்ல இருந்து பாத்து குண்டு போட்டுருவான்."

"மத்திகிரியில எவன்டா குண்டு போடப் போறான்?"

மாமா பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

இந்தச் சமயத்தில்தான் அத்தாவுக்கு இடம் தேவைப்பட்டது. ஒரு கம்பெனியிலிருந்து மாதா மாதம் கழிவு இரும்பு தருவதாகப் பேச்சாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் லாரி வரும். கடை முற்றத்தில் பாதி இடத்தை ஜீப் அடைத்துக்கொண்டிருந்தது. அத்தா கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டால்கூடத் தேவலாம். சாந்தமாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாரு மாப்ளே. திங்கக்கெழம கேஸ் கட்டர்காரன வரச் சொல்லியிருக்கேன். வேற எடம் பாத்தீன்னா சரி. இல்லன்னா நாலு துண்டாதான் அடுக்கணும்."

வேறு இடம் ஒன்று இருந்தது. ஓசூரில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அந்த மைதானத்தில், பர்மா காட்டில் சண்டை எப்படி நடந்தது என்று ஊருக்கு நடித்துக் காட்டப்போவதாக ஏற்பாடு. அடிபட்டவர்களை ஏற்றிச் செல்ல ஒரு ஜீப் வேண்டும். சண்டை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய சுபேதார் வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வண்டிக்குச் சங்கத்து ஷெட்டிலேயே இடம். வருடா வருடம் அதுதான் முன்னால் போகும். பெங்களூரிலிருந்தும் ஒரு ஜீப் வருகிறதாம். "ஷெட்டுல கூரை இருக்குது கண்ணு, ஓட்டுக் கூரை" என்று மாமா என்னிடம் நாலைந்து தடவை சொன்னார்.

சனிக்கிழமை மதியம் மாமா பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டவுனுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் அம்மா ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"பெங்களூர்க்காரன் எப்பிடி பளபளன்னு வருவான். என் தம்பி இத ஓட்டிட்டுப் போயி நிப்பான், நாலு பேரு சிரிப்பான். பாப்பா, பழைய கைலி ரெண்டு எடுத்துட்டு வா."

எனக்கும் அதே கவலைதான். கடைக்காரன் மாமாவை ஏமாற்றிப் பழைய பெயிண்ட்டைத் தலையில் கட்டிவிட்டான், மாமா வெட்கப்பட்டு ஏரோப்ளேன் கதை சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன். அம்மா பரண் மேலிருந்து கடலையெண்ணெய்த் தூக்கை இறக்கினாள். நோன்புப் பெருநாள் பலகாரத்துக்கு என்று வைத்திருந்த எண்ணெய். பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி இடுக்கு விடாமல், கதகதப்பாகக் கையை வைத்துத் தேய்த்தாள். பக்கவாட்டில் மாட்டிய மண்வெட்டிப் பிடிக்கும், சக்கரத்துக்கும், நட்சத்திரத்துக்கும். சாயங்கால அஸர் தொழுகைக்குள் முடித்துவிட்டோம். ஜீப் கல்யாணத்துக்குப் போகிற கணக்காக ஜொலித்தது. என் முகம் அதில் தெரிந்தது. அதன் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடினோம். காலையில் பார்க்கட்டும்.

காலையில் மாமா தார்ப்பாயை இழுத்தார்.

பானட்டில் ஒரு விரலை வைத்தார். விரலைப் பார்த்தார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எங்கேயாவது ஒரு இடத்தை விட்டிருப்போம் என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது. நாங்கள் எங்கேயும் விடவில்லை. அம்மா வாசலில் நின்று, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடிடா இருக்குது?"

மாமா எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்தார்.

"நல்லா இருக்குதுக்கா."

"இப்பதான் வண்டி மாதிரி இருக்குது. போய்ட்டு வா. ஜெயிச்சிட்டு வா."

"மண்ணெண்ணெய் இருக்குதாக்கா?" என்று கேட்டவர், உடனே, "வேணாம், பெயிண்ட்டும் கூட வந்துரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதற்கு மண்ணெண்ணெய் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அத்தா சைக்கிளில் முன்னாலேயே போய்விட்டார். என்னை மாமா ஏற்றிக்கொண்டார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் நான் வலது பக்கம், டிரைவர் உட்காருகிற இடத்தில். எதிரே வந்த டவுன் பஸ்காரன் பத்து வயதுப் பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப் ஓட்டி வருவதைப் பார்த்து, பஸ்ஸை ஓரத்தில் இறக்கி நிறுத்தியேவிட்டான். மற்ற நாளாக இருந்தால் மாமா விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஏரிக்கரை வந்தது. மாமா ரோட்டை விட்டு வண்டியைத் திருப்பினார். கோடையில் எங்கள் ஏரி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பொடி மண்ணாகக் கிடக்கும். கரை மேல் நிறுத்தி, காலடியிலிருந்து அந்தத் தூசிக் கண்ணாடியை எடுத்து எனக்கு மாட்டி வாரை இறுக்கினார். தன் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்.

"நல்லா புடிச்சிக்கோ கண்ணு."

இறக்கினார் பாருங்கள். ஏரிக்குள் வட்டம் அடித்தார். ஒரு வட்டம், இரண்டு வட்டம். எங்கள் தூசிக்குள்ளேயே திரும்பத் திரும்பப் புகுந்தோம். முதல் வட்டத்தில் எனக்குக் குஷி. இரண்டாவதில் திரும்பிப் பார்த்தேன். நான் தேய்த்த பின்பக்கம் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. மூன்றாவது வட்டத்தில் அழ ஆரம்பித்தேன்.

"மாமா, வேணாம் மாமா! பளபளப்பெல்லாம் போச்சி! அம்மா அடிப்பாங்க!"

"இன்னும் ஒரே ஒரு சுத்து கண்ணு" என்றார் மாமா.

மார்பளவு குறைந்ததில் புத்தியும் கொஞ்சம் குறைந்துவிட்டது, நல்ல நாளில் விளையாட்டு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி நின்றது.

மைதானத்தில் பெங்களூர் ஜீப் வந்து நின்றிருந்தது. பச்சைக் கண்ணாடி மாதிரி பெயிண்ட். விளக்கைச் சுற்றி வெள்ளி வளையம். அதன் டிரைவர் எங்கள் வண்டியைப் பார்த்து, "ஏன் சாமி, கெசரல்லி ஹூதிட்டித்ரா?" என்றான். சேற்றில் புதைத்து வைத்திருந்தீர்களா என்று கேட்கிறான். கன்னடம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, இல்லாவிட்டால் அந்த அவமானமாவது மிச்சமாகியிருக்கும். அத்தா சைக்கிளைப் பிடித்தபடி தூரத்தில் நின்றார். மண் மூடிய வண்டியைப் பார்த்ததும், திங்கட்கிழமை வரப்போகும் கேஸ் கட்டர்காரன் நினைப்பு வந்தோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார்.

பெரிய சுபேதார் வந்தார். எழுபது வயதிருக்கும், கையில் பிரம்பு, ஒரு காது கேட்காது. முதலில் பெங்களூர் ஜீப். அதன் பானட்டில் குனிந்து, தன் மீசையின் இரண்டு முனைகளையும் முறுக்கிச் சரிசெய்துகொண்டார்.

"கண்ணாடி நல்லா இருக்குது. சலூன்ல வைக்கலாம். காட்டுக்குள்ள போனா அர மைலுக்கு அந்தாண்ட இருந்தே சுட்டுருவான்."

பிறகு எங்களிடம் வந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார், இடது பக்கம் இருப்பதைக் கண்டு தலையை ஆட்டினார். கூடாரத் துணிச் சீட்டைத் தட்டினார். பானட்டில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னா இது? கடலெண்ணெயா?"

"ஆமாங்கய்யா" என்றார் மாமா.

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாக ஆகி, பிரம்பை ஊன்றி நின்றார்.

"பர்மாவுல பெயிண்ட்டுக்கு எங்கடா போவம்? கெடைச்ச எண்ணெயத் தடவி, மேல மண்ண வாரி எறைப்போம். அதான் நிக்கும். மழைக்கும் போவாது. முப்பது வருசத்துக்கு அப்பறம் இன்னிக்கிதான் பாக்கறேன். ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? எந்த ரெஜிமெண்ட்டு நீ?"

மாமா நிமிர்ந்தார். நெஞ்சு ஒரு விரற்கடை விரிந்த மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

"எங்க அக்கா சொல்லிக் குடுத்தாங்கய்யா."

"அக்காவா?"

"ஆமாங்கய்யா. எண்ணெய் அவங்கதான் தேய்ச்சாங்க. கையாலேயே தேய்ச்சாங்க."

"பலே பொம்பள!" என்றார் சுபேதார். "அவங்களுக்கு என் சலாம் சொல்லு."

சண்டை பிரமாதமாக நடந்தது. ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். மாமாவின் ஏழு தொப்பிகளையும் ஏழு கிழவர்கள் மாட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தார்கள். அவற்றில் ஒன்றில் கோழி எச்சம் காய்ந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அடிபட்டவராக நடித்தவர் ஊரிலேயே கனமான ஆள். ஜீப் மேட்டில் ஏறும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து வழுக்கி விழுந்து, எழுந்து, கட்டுப்போட்ட காலாலேயே ஓடிவந்து மறுபடி ஏறிப் படுத்துக்கொண்டார். கூட்டம் விசில் அடித்தது. புகைக்குள்ளிருந்து எங்கள் ஜீப் வெளியே வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கள் கடை முற்றத்தில் நின்ற வண்டி இல்லை. எங்கேயோ போய்விட்டு, எதையோ பார்த்துவிட்டு வந்த வண்டி.

அத்தா பக்கத்தில் நின்ற ஆளிடம், "நம்ம வண்டிதான். எட்டு மாசம் நம்ம கடையிலதான் வேல நடந்திச்சி" என்று சொல்வது என் காதில் விழுந்தது. மாமாவிடம் வந்தபோது முகத்தை மாற்றிக்கொண்டு, "எடம் காலி ஆவுதில்ல, அது போதும்" என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "அம்மா, எண்ணெயாலதான் ஜெயிச்சோம்! மிலிட்டரிக்காரரு மோந்து பாத்துட்டு ஒனக்கு சலாம் சொன்னாரு!" ஏரியில் மாமா அடித்த கூத்தைச் சொல்லவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. நாங்கள் தேய்த்ததில் பாதியை அவர் விளையாட்டுத்தனமாகக் கெடுத்தும், மீதிப் பாதியே ஜெயித்துக் கொடுத்துவிட்டது என்பது என் கணக்கு.

அம்மா காலித் தூக்கை எடுத்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு வருடா வருடம், சண்டைக்கு முந்திய நாள் ஜீப் சர்வீசுக்கு வீட்டுக்கு வரும்போது, யார் தடுத்தாலும் கேட்க மாட்டாள். பிஸ்மி சொல்லித் தூக்கைத் திறந்துவிடுவாள். தெருவில் வேறு பெண்கள் உதவிக்கு வந்தால், "வேற கை பட்டா ராசி மாறிப் போயிரும், நானும் பாப்பாவும் போதும்" என்பாள். மாமா பக்கத்தில் நின்று, "அக்கா, சக்கரத்துக்கிட்ட விட்டுட்ட பாரு" என்று எடுத்துக் கொடுப்பார். மறுநாள் காலை என்னை ஏற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, ஏரிக்குள் நாலு சுற்றுச் சுற்றுவார். எனக்காகத்தான் சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெருநாள் ராட்டினம் மாதிரி, வருடத்துக்கு ஒரு தடவை எனக்குக் கிடைக்கிற சவாரி.

எனக்குப் பதினேழு நடக்கும்போது, நிக்காஹ் பேசி முடித்திருந்த வருடம், கோடை மழை கொட்டித் தீர்த்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரை மேல் ஏறிப் பார்த்தால் ஏரி விளிம்பு வரை தண்ணீர். வானம் மொத்தமும் அதற்குள் கிடந்தது.

"எவ்ளோ அழகா இருக்குது மாமா!"

மாமா ஸ்டியரிங் மேல் கையை வைத்தபடி, வீட்டுச் சாவியைத் தொலைத்தவர் மாதிரி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி என் நெற்றி மேல் இருந்தது. எங்களுக்கு முன்னால் பானட் எண்ணெயில் ஜொலித்துக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசியது.

வண்டியைத் திருப்பினார். நேராகச் செங்கல் சூளைக்குப் போனார். கொட்டகைக்குள் நனையாமல் கிடந்த செங்கல் தூளை ஒரு முறத்தில் வாரிக்கொண்டு வந்தார். பானட்டிலிருந்து ஆரம்பித்துக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். வேகமாக வீசவில்லை. குளிப்பாட்டி எடுத்த பிள்ளைக்கு அம்மா பவுடர் போடுவது மாதிரி, ஒத்தி ஒத்திப் போட்டார். பளபளப்பு ஓரிடமாக அணைந்துகொண்டே வந்தது. ஆறு டப்பா பவுடரைக் கலக்கிவிட்டு, மின்னக் கூடாதுக்கா என்று அவர் சொன்ன அன்றைக்கு எப்படி இருந்ததோ, அப்படியே மினுமினுப்பில்லாமல் ஆனது.

ஏழு வருடம் நான் எதற்குள் சவாரி செய்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கண்ணாடியைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினேன். முறத்திலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டேன்.

"பின்பக்கம் நான் போடறேன் மாமா."

மாமாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். செங்கல் தூள் அப்பிய மீசைக்குள் சிரித்துக்கொண்டே, "அக்காகிட்ட சொல்லிடாத கண்ணு" என்றார்.

"என்னாத்த மாமா?" என்று கேட்டேன் நான்.